அயர்லாந்தில் "எல்லாம் ஒன்றுதானே" என்று சொல்லிவிடாதீர்கள்

போன மாதம் எங்கள் வார்டுக்குப் புதிதாக வந்த மதுரைப் பெண் ஒருத்தி, டீ நேரத்தில் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நல்ல பெண், கலகலப்பானவள். "உங்க பிரிட்டிஷ் இங்கிலீஷ் கேட்க எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள். மேஜையைச் சுற்றி இருந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் பிஸ்கட் தட்டைப் பார்த்தார்கள். பிசியோதெரபிஸ்ட் சிரித்தார். அவளும் சிரித்தாள். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. 2007-இல் அதே மாதிரி ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

நான் நாகர்கோவில்காரி. கார்க் நகரத்தில் நர்ஸ் வேலை, 18 வருடம் ஓடிவிட்டது. அயர்லாந்து தனி நாடு, தலைநகர் டப்ளின், செலவுக்கு யூரோ என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. விசாவுக்கு விண்ணப்பித்தபோதே அது தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் செய்கிறோமே, அந்தத் தவறுகளைப் பற்றித்தான் இது.

"கிராண்ட்" என்றதும் நிம்மதியாகிவிடுவது

நம் ஊரில் கிராண்ட் என்றால் பட்டுப்புடவை, நாதஸ்வரம், ஆயிரம் இலை. இங்கே கிராண்ட் என்றால் "பரவாயில்லை", "போதும்", "சரி விடு". சில சமயம் "இதோடு நிறுத்திக்கொள்" என்றும் அர்த்தம். பிரிட்டிஷ் என்று சொல்லிவிட்டால் ஐரிஷ்காரர் யாரும் சட்டையைப் பிடிக்க மாட்டார்கள். "ஆ, யூ ஆர் கிராண்ட்" என்று சிரிப்பார்கள். "இங்கிலாந்து ஆட்சியை எண்ணூறு வருஷம் பொறுத்தோம், இதையும் பொறுப்போம்" என்று ஒரு ஜோக் வரலாம்.

அந்தச் சிரிப்புக்கு முன்னால் அரை நொடி மௌனம் ஒன்று இருக்கும். அதைக் கவனிக்கப் பழகுங்கள். அப்புறம் கிண்டல் தொடங்கும். இங்கே அதற்கு ஸ்லாகிங் என்று பெயர். கிண்டல் வந்தால் பிழைத்தீர்கள், உங்களைத் தங்களில் ஒருவராக எடுத்துக்கொண்டார்கள். கிண்டலே இல்லாமல் மிகவும் மரியாதையாகப் பேச ஆரம்பித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மூன்று முள் பிளக்கைச் சாட்சிக்கு அழைப்பது

பிளக் அதே மாதிரி, வண்டி இடது பக்கம், பேச்சு ஆங்கிலம், டீயில் பால். அப்படியானால் இது பிரிட்டன்தானே என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுவிடும். எங்கள் தெருமுனைத் தபால் பெட்டியைப் பார்த்தால் இந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்று தெரியும். கனமான வார்ப்பிரும்புப் பெட்டி. பிரிட்டன் ஆண்ட காலத்தில் வைத்தது, அப்போது சிவப்பு. 1922-இல் ஆட்சி கைமாறியதும் புதிய அரசு அதைப் பெயர்த்து எறியவில்லை. பச்சை பூசியது, அவ்வளவுதான். பெயின்டுக்கு அடியில் பிரிட்டிஷ் முடியாட்சியின் முத்திரை இன்றும் புடைத்துக்கொண்டு நிற்கிறது. இங்குள்ளவர்களுக்கு அந்தப் பச்சைதான் முக்கியம். நம் கண்ணுக்கு முத்திரை மட்டும் தெரிகிறது.

திருத்திய பிறகும் "எல்லாம் ஒன்றுதானே" என்பது

மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். இதற்கு மட்டும் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். முதல் எரிச்சல் என் மேல்தான்.

2007 குளிர்காலம். வேலைக்கு வந்து ஐந்து மாதம். நிமோனியாவோடு 82 வயதுக்காரர் ஒருவரைச் சேர்த்திருந்தார்கள். படிவம் நிரப்பும்போது பேச்சுக் கொடுத்தார். இங்கிலாந்தில், பர்மிங்காமில் 30 வருடம் ரோடு வேலை, சுரங்கப்பாதை வேலை, இன்னமும் அங்கிருந்து பவுண்டில் பென்ஷன் வருகிறது என்றார். நான் குடியுரிமைக் கட்டத்தில் தயங்காமல் பிரிட்டிஷ் என்று எழுதினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார். "நான் ஐரிஷ்" என்றார், மெதுவாக.

அதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஒரு சாரி சொல்லி அடித்து எழுதியிருந்தால் பத்து நொடியில் முடிந்திருக்கும். எனக்கோ இன்னும் நான்கு நோயாளிகள் காத்திருந்தார்கள். "எல்லாம் ஒன்றுதானே" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தேன். அவர் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அன்று இரவு என் கையால் மாத்திரை வாங்கவில்லை. மறுநாளும் வாங்கவில்லை. வேறு நர்ஸ் கொடுத்தால் விழுங்கினார். நர்ஸ் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். நான் சொன்னதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "அவருக்கு என் நிறம் பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்றேன். வெளிநாட்டில் நமக்கு அந்த அனுபவம் நேராமல் இல்லை. ஆனால் அன்று அவமானப்படுத்தியது நான். பழியையும் அவர் மேலேயே போட்டேன். மேனேஜர் நடந்ததை முழுதாகக் கேட்டுவிட்டு, திட்டாமல், "போய் அவரிடம் பர்மிங்காம் பற்றிக் கேள்" என்று மட்டும் சொன்னார்.

கேட்டேன். அவர் கப்பல் ஏறியது 1950-இல். அந்தப் பத்தாண்டில் இந்தச் சின்ன நாட்டிலிருந்து சுமார் 4 லட்சம் பேர் வேலை தேடி வெளியேறினார்கள், பெரும்பாலோர் இங்கிலாந்துக்குத்தான். அங்கே அவருடைய பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. எல்லா ஐரிஷ்காரருக்கும் ஒரே பெயர், "பேடி" (Paddy), பேட்ரிக் என்பதன் சுருக்கம். 1974 நவம்பரில் பர்மிங்காமின் இரண்டு பப்களில் குண்டு வெடித்து 21 பேர் செத்தார்கள். பழி ஐரிஷ்காரர்கள் எல்லோர் மேலும் விழுந்தது. அதற்குப் பிறகு பல மாதம் பஸ்ஸில் வாயே திறக்கவில்லை என்றார். பேசினால் உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடும். அவர் மனைவி கடையில் ரொட்டியை விரலால் சுட்டிக்காட்டி வாங்குவாராம். அந்த வழக்கில் ஆறு ஐரிஷ்காரர்களுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று தண்டனையை ரத்து செய்து வெளியே விட 1991 ஆகிவிட்டது.

"முப்பது வருஷம் அங்கே ஐரிஷ்காரன் என்று ஒதுக்கி வைத்தார்கள். சொந்த ஊரில் வந்து படுத்தால் நீ என்னைப் பிரிட்டிஷ்காரன் ஆக்கிவிட்டாய்" என்றார்.

படிவத்தை எடுத்துவந்து அவர் முன்னாலேயே அடித்தேன். "ஐரிஷ் என்று எழுது. கார்க் என்று எழுதினால் இன்னும் சரி, ஓர் எழுத்தும் மிச்சம்" என்றார். ஆங்கிலத்தில் எண்ணிப் பாருங்கள். கிண்டல் வந்துவிட்டது, அப்புறம் மாத்திரையும் உள்ளே போனது.

அதுவும் கார்க்கில் வைத்து அப்படிச் சொன்னேனே! பிரிட்டனை எதிர்த்த விடுதலைப் போரில், 1920-இல் ஒரே வருடத்தில் இரண்டு மேயர்களைப் பறிகொடுத்த ஊர் இது. தாமஸ் மெக்கர்டைனை மார்ச்சில் வீடு புகுந்து சுட்டார்கள். அடுத்து வந்த டெரன்ஸ் மெக்ஸ்வீனி லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாவிரதம் இருந்து அக்டோபரில் இறந்தார். டிசம்பரில் பிரிட்டிஷ் படையினர் நகரத்தின் நடுப்பகுதியையே கொளுத்தினார்கள். நகர மன்றமும் நூலகமும் சாம்பலாகின. எங்கள் நோயாளிகளில் பலருக்கு இது தாத்தா மடியில் உட்கார்ந்து கேட்ட கதை.

அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்கள் வாயில் அதே வசனத்தை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "மொழி ஒன்றுதானே அக்கா", "பார்க்க ஒரே மாதிரிதானே இருக்காங்க". தெரியாமல் சொன்னதை இங்கே யாரும் பெரிதுபடுத்துவதில்லை. தெரிந்த பிறகு "அதனால் என்ன" என்று வாதாடுகிறோம் பாருங்கள், அதைத்தான் மறக்க மாட்டார்கள். திருத்தினால் "சாரி, ஐரிஷ்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் புவியியல் யார் எடுத்தார் என்று விளக்க வேண்டாம்.

"பிரிட்டிஷ் தீவுகள்"

பிரிட்டனையும் அயர்லாந்தையும் சேர்த்துச் சொல்கிற இந்தச் சொல்லை ஐரிஷ் அரசே பயன்படுத்துவதில்லை. "இந்தத் தீவுகள்" என்று சொன்னால் போதும். பிரிட்டனை "மெயின்லேண்ட்" என்பதையும் விட்டுவிடுங்கள்.

கேன்டீனில் "இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட்" கேட்பது

தட்டில் இருப்பது ஐரிஷ் பிரேக்ஃபாஸ்ட்.

வடக்கே போய் பாடத்தை அப்படியே ஒப்பிப்பது

இந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டவர்கள் செய்கிற தவறு இது. தீவின் 32 மாவட்டங்களில் 26 குடியரசில், 6 ஐக்கிய இராச்சியத்தில். அந்த ஆறும் சேர்ந்ததுதான் வட அயர்லாந்து. அங்கே போய் எல்லோரையும் ஐரிஷ் என்று கூப்பிட்டால் சிலருக்கு அதே அரை நொடி மௌனம் வரும், எதிர்த் திசையிலிருந்து. 2021 கணக்கெடுப்பில் அங்கே தங்களைப் பிரிட்டிஷ் என்று மட்டும் சொன்னவர்கள் சுமார் 32 சதவீதம், ஐரிஷ் என்று மட்டும் சொன்னவர்கள் 29, வட ஐரிஷ் என்று மட்டும் சொன்னவர்கள் 20. ஐரிஷா, பிரிட்டிஷா, அல்லது இரண்டுமா என்று அவரவரே முடிவு செய்யலாம் என்று 1998 புனித வெள்ளி அமைதி ஒப்பந்தம் எழுதியே வைத்திருக்கிறது.

கவிஞர் ஷேமஸ் ஹீனி பிறந்தது அந்த ஆறு மாவட்டங்களுக்குள்தான். 1982-இல் வந்த சமகாலப் பிரிட்டிஷ் கவிதைத் தொகுப்பு ஒன்றில் அவரைச் சேர்த்தபோது, என் பாஸ்போர்ட் பச்சை நிறம் என்று அடுத்த வருடம் கவிதையிலேயே பதில் எழுதினார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நேர்மாறாக எழுதியிருக்கலாம். ஆகவே அங்கே நாமாக எதுவும் ஒட்டாமல், அவர்கள் வாயால் வரும்வரை காத்திருப்பது நல்லது.

டெர்ரியா, லண்டன்டெர்ரியா?

வடக்கே ஒரே நகரத்துக்கு இந்த இரண்டு பெயரும் உண்டு. எதிரில் இருப்பவர் எதைச் சொல்கிறாரோ அதை.

பெல்ஃபாஸ்ட் ரயிலில் சும்மா ஏறிவிடுவது

"எல்லாம் ஒன்றுதானே" என்கிற அதே நினைப்புதான், பாஸ்போர்ட் விஷயத்தில். டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்ட் இரண்டு மணி நேரச் சொச்சம். நடுவில் எல்லைச் சாவடி கிடையாது. காரில் போனால் வேகப் பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வரும், அதுதான் எல்லை. தடையில்லாமல் போய் வருவது ஐரிஷ், பிரிட்டிஷ் குடிமக்களுக்குள் உள்ள ஏற்பாடு. இந்திய பாஸ்போர்ட்டும் ஐரிஷ் குடியிருப்பு அட்டையும் வைத்திருக்கிற நமக்கு அந்தப் பக்கம் போகத் தனியாக பிரிட்டன் விசா வேண்டும். "என்னை யாருமே கேட்கலையே" என்று திரும்பி வந்து பெருமை பேசுகிறவர்கள் உண்டு. கேட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த விசா விண்ணப்பத்தில் தெரியும். அங்கே பொய் சொல்லவும் முடியாது.

"நீங்களும் அடிமை, நாங்களும் அடிமை" என்று கட்டிப்பிடிப்பது

இரண்டாம் வருடத்தில் நான் பிடித்த புது வழி இது. பழைய தவறுக்குப் பரிகாரமாக, கிடைத்த இடத்தில் எல்லாம் இங்கிலாந்தைத் திட்ட ஆரம்பித்தேன். ஒரு நாள் ஆவேசமாகப் பேசி முடித்ததும் சக நர்ஸ் ஒருத்தி, "என் வீட்டுக்காரர் லீட்ஸ்காரர்" என்றாள். எங்கள் வார்டில் பாதிப் பேருக்கு அக்காவோ அத்தையோ லண்டனில். சனிக்கிழமை ஆனால் ஆண்கள் லிவர்பூலுக்காகவும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காகவும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். தன்னைப் பிரிட்டிஷ் என்றால் பிடிக்காது, அவ்வளவுதான். மற்றபடி அங்கே அவர்களுக்குச் சொந்தபந்தம் ஏராளம்.

வரலாறும் அவ்வளவு வசதியாக நம் பக்கம் நிற்காது. ஜாலியன்வாலாபாகில் சுடச்சொன்ன டயர், சிறுவனாகப் படித்தது இதே கார்க் மாவட்டத்தில், மிடில்டனில். அவரை ஆதரித்த பஞ்சாப் ஆளுநர் மைக்கேல் ஓ'டயர், பக்கத்து மாவட்டமான டிப்பரரிக்காரர். இன்னொரு பக்கம், பின்னாளில் நம் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி டப்ளினில் சட்டம் படித்தவர். இங்குள்ள விடுதலைப் போராட்டக்காரர்களோடு தொடர்பு என்ற சந்தேகத்தில் 1916-இல் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. கிரி கதையை இங்கே யாரிடம் சொன்னாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்கள். அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வீட்டுக்கு முகவரி சரியாகச் சொல்லாமல் விடுவது

என் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே "கார்க், லண்டன்" என்று அச்சடித்திருந்தார்கள். அப்பா கொடுத்த தாளிலேயே அப்படித்தான் இருந்தது, அச்சகத்தைச் சொல்லிக் குற்றமில்லை. யோசிக்காமல் ஒன்றைக் கொண்டுவந்து வார்டில் காட்டினேன். தமிழ் எழுத்து யாருக்கும் புரியாது என்ற தைரியம். கீழே ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்ததைக் கவனிக்கவில்லை. மூன்று வருடம் அது அறிவிப்புப் பலகையில் தொங்கியது. யாரோ அதன் மேல் பச்சைப் பேனாவால் ஒரு வட்டம் வேறு போட்டிருந்தார்கள்.

அம்மா இன்னும் மாறவில்லை. பக்கத்து வீட்டுக்கு நான் லண்டனில்தான் இருக்கிறேன். போன தீபாவளிக்கு அனுப்பிய பார்சலிலும் "கார்க், யூகே" என்றுதான் எழுதியிருந்தது. இங்கிலாந்தையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு மூன்று வாரம் தாமதமாக வந்து சேர்ந்தது. முந்திரிக்கொத்து அதற்குள் கல்லாகியிருந்தது. மதுரைப் பெண்ணுக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் ஆளுக்கு இரண்டு கொடுத்தேன். பல்லை உடைத்துக்கொண்டு தின்றார்கள்.