அயர்லாந்தில் பெல்ஜிய பாணி பியர்: ருசி பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்து பப்பில் உட்கார்ந்தால் கை தானாகவே பைன்ட் கிளாஸைத் தேடும். 568 மில்லி, கறுப்பு ஸ்டவுட், மேலே பாலாடை போல நுரை. அதே பழக்கத்தோடு ஒரு சின்ன ப்ரூவரியின் பெல்ஜிய பாணி பியரைத் திறந்தால் பாதி ருசி வீணாகிவிடும். என் முதல் டப்பல் (கரும்பழுப்பு நிற பெல்ஜிய வகை) பாட்டில் அப்படித்தான் போனது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பைன்ட் கிளாஸில் மடமடவென்று ஊற்றினேன். முக்கால் கிளாஸ் நுரை, அது வழிந்து மேசையெல்லாம் ஈரம், மிஞ்சியதில் அடிமண்டி கலங்கிப் போயிருந்தது. குடித்ததில் 'சில்' என்று இருந்ததைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஒரே நிமிடத்தில் மூன்று தவறு.

முதலில் நுரை. இந்த வகை பியரில் பலவற்றைப் பாட்டிலுக்குள்ளேயே இன்னொரு முறை நொதிக்க விடுகிறார்கள். கொஞ்சம் சர்க்கரையும் உயிருள்ள ஈஸ்ட்டும் சேர்த்து மூடியடைத்தால் உள்ளே வாயு நிறையச் சேரும். ஈஸ்ட் வேலை முடித்து அடியில் படியும். அதனால் பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வைத்துவிடுங்கள். வாய் அகன்ற, காலுள்ள கிளாஸ் நல்லது. வீட்டில் வைன் கிளாஸ் இருந்தால் அதுவே போதும். பாதி கிளாஸ் காலியாகவே இருக்கட்டும், வாசம் தங்க இடம் வேண்டாமா? சாய்த்து மெதுவாக ஊற்றி, கடைசி ஒரு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். கிளாஸில் சோப்பு எச்சம் இருந்தால் நுரை நிற்காது. அந்தப் பழியை ப்ரூவரி மேல் போடக் கூடாது.

கோதுமை சேர்த்துக் காய்ச்சும் விட்பியர் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அது கலங்கலாகத்தான் இருக்க வேண்டும். மண்டியைச் சுழற்றிக் கலக்கியே ஊற்றுவார்கள். அழிந்துபோயிருந்த இந்த வகையை 1966-இல் பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் பியர் செலிஸ் என்பவர் மீட்டெடுத்தார் ('பியர்' அவர் பெயரேதான்!). அதில் சேர்ப்பது ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும். முதல் வாய் குடித்ததும் எனக்கு வறுக்காத மல்லியின் வாசம் சட்டென்று பிடிபட்டது. பக்கத்தில் இருந்த ஐரிஷ் நண்பர் அதை 'எலுமிச்சை' என்றார்.

அப்புறம் குளிர். ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் எஸ்டர் வாசம் (ஈஸ்ட் உண்டாக்கும் பழ வாசம்) மூக்குக்கு எட்டவே எட்டாது. விட்பியரைச் சில்லென்றே குடிக்கலாம். டிரிப்பல் (பொன்னிறமான, வலுவான வகை) 8 முதல் 12 டிகிரி, டப்பல் அதற்கும் ஒரு படி மேலே. வெளியே எடுத்து இருபது, முப்பது நிமிடம் விட்டால் சரியாக இருக்கும்.

இனி முக்கியமான விஷயம். கிளாஸை முகர்ந்ததும் வாழைப்பழமும் கிராம்பும் வீசினால், "பியர் கெட்டுப்போச்சு" என்று திருப்பிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கெடவில்லை. வாழைப்பழம் எஸ்டர், கிராம்பு ஃபீனால். இரண்டையும் உண்டாக்குவது பெல்ஜிய ஈஸ்ட். சாதாரண லாகரில் கிராம்பு வாசம் வந்தால் குறை, இங்கே அதுதான் குணம்.

ஆனால் இதற்கு நேர்மாறான தவறை நான் இன்னும் அதிகம் பார்க்கிறேன். எந்தக் கெட்ட வாசம் வந்தாலும் "பெல்ஜியன்னா இப்படித்தான்" என்று தலையாட்டுவது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், ஆஸ்பத்திரி மருந்து நெடி அடித்தால் அது வேண்டாத கிருமியின் வேலையாக இருக்கலாம். நெயில் பாலிஷ் ரிமூவர் போல மூக்கைக் குத்தினால், அளவுக்கு மீறிய சூட்டில் நொதித்திருக்கலாம். தியேட்டர் பாப்கார்னின் வெண்ணெய் மணம் வந்தால் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன்பே பியரை எடுத்திருக்கலாம். சின்ன ப்ரூவரி என்ற அனுதாபத்துக்காக இதையெல்லாம் மென்று முழுங்க வேண்டியதில்லை. ஒரு தடவை பெயர் சொல்லாத ஓரிடத்தில் பிளாஸ்டர் நெடியைச் சொன்னேன். ஊற்றியவர் தானும் முகர்ந்து பார்த்துவிட்டு, பேசாமல் அந்தக் குழாயை மூடினார்.

நிறத்தை நம்புவதும் தவறுதான். ஸ்டவுட் குடித்தே பழகிய நாக்கு, டப்பலின் கரும்பழுப்பைப் பார்த்ததும் காபிக் கசப்பை எதிர்பார்க்கும். ஸ்டவுட்டின் கறுப்பு வறுத்த பார்லியால் வருவது. டப்பலின் நிறமோ மரபாகக் கருத்த சர்க்கரைப் பாகிலிருந்து வருகிறது. உலர்திராட்சை, பேரீச்சை போன்ற ருசி அதில் தெரியும். டிரிப்பல் பொன்னிறமாக அப்பாவி மாதிரி இருக்கும், ஆனால் பெல்ஜியத்தின் வெஸ்ட்மால் மடத்து டிரிப்பலில் ஆல்கஹால் 9.5 சதவீதம். அதில் சேர்க்கும் சர்க்கரை முழுதும் நொதித்துவிடுவதால் பியர் வாயில் இலேசாகி, போதை தெரியாமல் இறங்கும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 8 சதவீத பியர் 330 மில்லி பாட்டிலில் கிட்டத்தட்ட 21 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 4.2 சதவீத ஸ்டவுட் ஒரு முழு பைன்ட்டில் 19 கிராம்தான். அயர்லாந்தில் ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்பது 10 கிராம். ஆக, "சின்ன பாட்டில்தானே" என்று மூன்று குடித்தால் ஆறு டிரிங்க் ஆயிற்று. ருசி பார்க்க 100 மில்லி போதும். மூன்று பேர் ஒரு பாட்டிலைப் பகிரலாம். காரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். வரிசையும் முக்கியம்: மெல்லியதில் தொடங்கி வலுவானதில் முடியுங்கள். நடுவில் கசப்பான ஐபிஏ வகை பியர் வேண்டாம். மிளகாய்க் காரமாக எதையாவது சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் அன்றைய கச்சேரி அதோடு சரி. தண்ணீர், வெறும் ரொட்டி, அவ்வளவுதான்.

"இது டிராப்பிஸ்ட் மாதிரி இல்லையே" என்ற புலம்பலும் அடிக்கடி காதில் விழும். இருக்காது. டிராப்பிஸ்ட் என்பது ருசியின் பெயரே இல்லை. மடத்தின் வளாகத்தில், துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்சினால்தான் அந்த முத்திரை கிடைக்கும். மற்ற வகைகளிலும் இதே ஒப்பீடுதான். அயர்லாந்தின் டோனிகாலில் கின்னகர் ப்ரூவரி காய்ச்சும் 'ஸ்விங்கிள்ட்ரீ' செசோன் என்ற பெல்ஜியப் பண்ணை பியர் வகை, வடிகட்டாமல் விடுகிறார்கள். கலப்பையைக் குதிரையோடு பிணைக்கும் குறுக்குக் கட்டைக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். செசோனே தெற்கு பெல்ஜியத்தின் வலோனியாவின் பண்ணை வேலையாட்களோடு சேர்த்துப் பேசப்படும் பியர் என்பதால் பெயர் பொருத்தமாக அமைந்துவிட்டது. ஸ்விங்கிள்ட்ரீயைப் பெல்ஜியத்தின் துப்போன் ப்ரூவரி செசோனோடு ஒப்பிட்டு மார்க் போடுவதைவிட, மிளகு தெரிகிறதா, முடிவு வறண்டு நிற்கிறதா என்று பார்ப்பதே எனக்குப் பிடிக்கும்.

கடைசியாக லேபிள். பின்பக்கத்தில் 'ஆரஞ்சு, தேன், வெள்ளை மிளகு' என்று எழுதியிருக்கும். படித்துவிட்டால் அந்த மூன்றும் தவறாமல் வாயில் வந்து நிற்கும், நான்காவது எதுவும் வராது. நான் பாட்டிலைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, முகர்ந்ததை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிய பிறகுதான் திருப்பிப் பார்ப்பேன். போன முறை என் சீட்டில் 'அதிகமாகப் பழுத்த பேரிக்காய்' என்று இருந்தது. லேபிளில் பேரிக்காய் என்ற பேச்சே இல்லை.