பெரிய பிளாஸ்டிங் கேபினெட் கட்டுகிறீர்களா? பெட்டியை அளப்பதற்கு முன் காற்றை அளந்து பாருங்கள்

பழைய புல்லட் பைக்குகளைப் பிரித்துப் புதுப்பிக்கும் சின்னப் பட்டறை என்னுடையது, கோவையில். சேஸி, ஸ்விங் ஆர்ம், மட்கார்டு, என்ஜின் கேஸ் என்று துருவும் பழைய பெயிண்ட்டுமாகப் பாகங்கள் வந்துகொண்டே இருக்கும். கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டித் தேய்த்துக் கை மரத்துப்போனவர்கள் கடைசியில் பிளாஸ்டிங் கேபினெட்டுக்குத்தான் வருவார்கள். மூடிய பெட்டிக்குள், அழுத்தக் காற்றோடு சொரசொரப்பான துகள்களை (மீடியா) துப்பாக்கியால் அடித்துத் துருவையும் பெயிண்ட்டையும் எடுப்பது அது. வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை அடிக்குக் கட்டலாம்?’ என்பது. நானும் அங்கேதான் தொடங்கினேன். அந்தக் கேள்வி கடைசியில் வரவேண்டியது.

நான் முதலில் கட்டியது 4 அடி அகலம், 3 அடி ஆழம், 3 அடி உயரம். ஸ்விங் ஆர்ம் உள்ளே தாராளமாகப் படுத்தது. கம்ப்ரசர் ஏற்கெனவே இருந்தது: 2 எச்.பி., 160 லிட்டர் டேங்க். அதையே இணைத்தேன். பெடலை மிதித்ததும் முதல் ஒரு நிமிடம் இரும்பு வெளுத்துக்கொண்டே வந்தது. அப்புறம் சத்தம் மாறியது. ஒரே சீராகச் சீறிக்கொண்டிருந்த துப்பாக்கி விட்டுவிட்டுத் துப்ப ஆரம்பித்தது. அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தால் முள் 80 பி.எஸ்.ஐ.-யிலிருந்து 50-க்கு வந்திருந்தது. நிறுத்தி, டேங்க் நிரம்பும் வரை நின்று, மறுபடி ஒரு நிமிடம். ஒரு ஸ்விங் ஆர்முக்கு அரை நாள் போனது.

கணக்கு போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். துப்பாக்கியின் காற்று ஜெட்டில் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) துளை இருந்தால், 80 பி.எஸ்.ஐ.-யில் நிமிடத்துக்குச் சுமார் 17 கன அடி காற்று போகும். ஒன்றரை நூல் என்றால் 38. இரண்டு நூல் என்றால் 68. துளை இரட்டித்தால் காற்று நான்கு மடங்காகிறது, கவனியுங்கள். கம்ப்ரசர் பக்கம் பார்த்தால், ஒரு எச்.பி.க்கு 4 கன அடி கிடைத்தாலே நல்ல கம்ப்ரசர். அதுவும் கேட்லாக்கில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் பிஸ்டன் இழுக்கும் அளவு; வெளியே வரும் காற்று அதைவிடக் கால் பங்குக்கு மேல் குறைவாக இருக்கலாம். என் 2 எச்.பி. தந்தது 6 கன அடியை ஒட்டி. கேட்டது 17. டேங்கில் சேர்ந்திருந்த காற்றுதான் அந்த முதல் ஒரு நிமிடம்.

எனவே சக்‌ஷன் துப்பாக்கியாக (காற்றின் வேகத்தில் மீடியாவைத் தானே உறிஞ்சிக்கொள்வது) இருந்தாலும் ஒரு நூல் ஜெட்டுக்கு 5 எச்.பி. வேண்டும், அதுவும் ஓய்வில்லாமல் ஓடும். பிஸ்டன் கம்ப்ரசர் நாள் முழுக்க நிற்காமல் ஓடுவதற்குச் செய்யப்பட்டதல்ல. ஹெட் கொதித்து வால்வு போகும். தினசரி வேலை என்றால் 7.5 எச்.பி. பாருங்கள், கட்டுப்படியானால் நிற்காமல் ஓடக்கூடிய ஸ்க்ரூ கம்ப்ரசருக்கே போய்விடுங்கள். கையிருப்பு ஒரு லட்சம் என்றால் அதில் பெரும்பங்கு காற்றுக்குத்தான் போகவேண்டும். பெட்டி தகடும் ஆங்கிளும்தான், அதைப் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம்.

மீடியா வெளியே வரும் முனையான நாசில் விஷயத்தில் மிச்சம் பிடிக்க நினைப்பதும் இதே கணக்கில்தான் அடிபடுகிறது. செராமிக் நாசில் மலிவு, ஆனால் கடினமான மீடியா ஓடினால் சில மணி நேரத்திலேயே வாய் அகன்றுவிடும். பிரஷர் பாட் முறையில் (அழுத்தம் ஏற்றிய பாத்திரத்திலிருந்து மீடியாவைத் தள்ளுவது) நாசிலின் துளைதான் காற்றின் அளவையே தீர்மானிக்கிறது. அது அகல அகல, நேற்று வரை போதுமானதாக இருந்த கம்ப்ரசர் இன்று திணறும். டங்ஸ்டன் கார்பைடு நூற்றுக்கணக்கான மணி நேரம் தாங்கும், போரான் கார்பைடு அதற்கும் மேல். ஒரு டிரில் பிட்டை நாசில் வாயில் விட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும், தேய்மானம் கையிலேயே தெரியும்.

ஈரம் இன்னொரு தொல்லை. சூடான காற்று டேங்கைத் தாண்டிக் குளிரும்போது தண்ணீர் விடும், மீடியா கட்டிதட்டும், ஹோஸ் அடைக்கும். கம்ப்ரசரை ஒட்டியே ஃபில்டர் மாட்டினால் பயனில்லை, அங்கே காற்று இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. 20, 25 அடி ஜி.ஐ. பைப்பைச் சரிவாக ஓட்டி, கடைசியில் டிரெயின் வால்வோடு ஃபில்டர் வையுங்கள். பி.வி.சி. பைப் மட்டும் வேண்டவே வேண்டாம். அழுத்தக் காற்றில் அது வெடித்தால் கத்திபோலச் சில்லு பறக்கும்.

அடுத்தது தூசி. இதில் தவறினால் போவது நேரம் மட்டுமல்ல.

கேபினெட் மூடித்தானே இருக்கிறது என்று நினைக்கிறோம். துப்பாக்கி உள்ளே காற்றைக் கொட்டிக்கொண்டே இருக்கும்போது, அதைவிட அதிகமாக வெளியே இழுக்காவிட்டால் ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் தூசி கசியும். கண்ணுக்குத் தெரியாது. நான் கண்டுபிடித்தது டீ கிளாஸில். காலையில் கழுவி, பத்தடி தள்ளி ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்த கிளாஸை மத்தியானம் எடுத்தால், அடியில் விரல் ரேகை பதியும் அளவுக்குப் பொடி. கிளாஸில் படிந்தது என் நெஞ்சுக்குள்ளும்தான் போயிருக்கும்.

பிளாஸ்டிங் கேபினெட்டுக்குச் சொல்லப்படும் காற்றோட்டக் கணக்கு, உள்ளே இருக்கும் காற்று நிமிடத்துக்கு 20 முறை மாறவேண்டும் என்பது. 4×3×3 பெட்டியின் கொள்ளளவு 36 கன அடி. 20-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 720 கன அடி. வீட்டு வாக்குவம் கிளீனர் 100-ஐ ஒட்டித்தான் இழுக்கும். பெட்டி பெரிதாகப் பெரிதாக இந்தத் தொகை எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். பெரிய பெட்டிக்கு உரிய புளோயரும், நடுவில் காற்றைச் சுழற்றித் துகளைப் பிரிக்கும் ஒரு சைக்ளோனும், கடைசியில் துணிப்பை ஃபில்டரும் வேண்டும். உறிஞ்சும் வாய்க்கு முன்னால் ஒரு மறைப்புத் தகடு வையுங்கள், இல்லாவிட்டால் நல்ல மீடியாவும் சேர்ந்து போய்விடும். எதிர்ப்பக்கத்தில் காற்று நுழைய வழியும் வேண்டும். சரியாக அமைந்ததா என்று பார்க்க, கேபினெட் ஓடும்போது கதவு இடுக்கில் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை உள்ளே போகவேண்டும்.

ஆற்று மணலைச் சலித்துப் போடலாமா என்று இன்னும் கேட்கிறார்கள். கூடாது. மணலில் இருப்பது சிலிகா; இரும்பில் மோதும்போது நொறுங்கி, நுரையீரலின் அடிவரை போகும் நுண்பொடியாகிவிடும். அதனால் வரும் சிலிகோசிஸுக்கு இன்றுவரை குணப்படுத்தும் மருந்து இல்லை. பிரிட்டன் 1949-லேயே சட்டம் போட்டு வார்ப்புகளின் மேல் மணல் அடிப்பதைத் தடுத்தது. சிலிகாத் தூசி புற்றுநோய் உண்டாக்குவது என்று 1997-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. அறிவிக்கவேண்டிய நோய்களைப் பட்டியலிட்ட, நம் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலும் சிலிகோசிஸ் இருந்தது. கார்னெட், அலுமினியம் ஆக்ஸைடு, கண்ணாடி மணி என்று எத்தனையோ இருக்கும்போது மணல் எதற்கு? அவற்றையும் மூக்கை மூடாமல் அள்ளாதீர்கள். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம்.

இப்போது பெட்டிக்கு வரலாம். பெரிய பெட்டியில் பலரும் கோட்டைவிடும் இடம், அடியில் மீடியா வழிந்து சேரும் புனல் போன்ற ஹாப்பர். சரிவு 45 டிகிரிக்குக் குறைந்தால் மீடியா ஓரத்திலேயே படிந்து நிற்கும், துப்பாக்கிக்கு வராது. 4 அடி அகலப் பெட்டியில் 45 டிகிரிக்கே ஹாப்பர் 2 அடி ஆழம் கேட்கும். கீழே ஒரு அடி இடம் விட்டால் பாகம் வைக்கும் கிரில் தரையிலிருந்து 3 அடிக்கு வந்துவிடும், கை நுழையும் ஓட்டை அதற்கும் மேலே. தோள் தூக்கியபடியே ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், கழுத்து சொல்லும். நின்று வேலை செய்பவரின் முழங்கை உயரத்துக்கு ஓட்டை வரவேண்டும். ஹாப்பரைக் குறைக்காதீர்கள், நிற்பதற்கு ஒரு மேடை போடுங்கள். அட்டைப்பெட்டியில் இரண்டு ஓட்டை வெட்டி, கையை விட்டு, நான்கு மூலையும் எட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத் தகடு வெட்டுவது நல்லது. 3 அடி ஆழத்தில் பின்சுவர் எட்டாது. நான் இரண்டாவதாகக் கட்டியதில் ஆழத்தை இரண்டரை அடியாக்கி, பாகத்தைச் சுற்ற ஒரு டர்ன்டேபிள் வைத்தேன். கதவைப் பக்கவாட்டில் வையுங்கள்; 20 கிலோ பாகத்தை மேலிருந்து இறக்குவது இடுப்புக்கு ஆகாது. பார்க்கும் கண்ணாடிக்குள் மலிவான இன்னொரு கண்ணாடி, மங்கினால் மாற்ற. பெட்டியையும் துப்பாக்கியையும் எர்த் செய்யுங்கள், ஸ்டேட்டிக் ஷாக் சுள்ளென்று அடிக்கும்.

மீடியாவைக் கலப்பது இன்னொரு தவறு. இரும்பு கிரிட் (கூர்மையான இரும்புத் துகள்) ஓடிய பெட்டியில் அலுமினியம் கேஸைப் போட்டால் இரும்புத் துகள் அதில் பதிந்து பிறகு துருப்புள்ளியாக வரும். மட்கார்டு, டேங்க் போன்ற மெல்லிய தகட்டை முழு அழுத்தத்தில் நேராக அடித்தால் வளைந்துவிடும். பலரும் சூட்டால் என்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு துகளும் சுத்தியல்போல் மேற்பரப்பை அடித்து விரியச் செய்வதுதான் காரணம். அழுத்தத்தைக் குறைத்து, துப்பாக்கியைச் சாய்த்துப் பிடியுங்கள். என்ஜின் கேஸில் ஆயில் துளைகளை அடைக்காமல் அடித்துவிட்டால், உள்ளே தங்கும் ஒரு சிட்டிகை கண்ணாடி மணி பேரிங்கை அரைத்துவிடும். கிரீஸோடு எதையும் உள்ளே வைக்காதீர்கள், மீடியா மொத்தமும் கெட்டுப்போகும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய கேஸ் சிலிண்டரை வெட்டி வெல்டிங் வைத்து பிரஷர் பாட் செய்யாதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் வாயு வெட்டும்போதே பற்றலாம். அதில் தப்பினாலும், தாறுமாறாக வைத்த வெல்டிங், சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ (சுமார் 100 பி.எஸ்.ஐ.) அழுத்தத்தில் எந்த நாள் விடும் என்று யாருக்கும் தெரியாது. சக்‌ஷன் துப்பாக்கி மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் அதில் அழுத்தம் தாங்கும் பாத்திரமே கிடையாது. பாட் வேண்டுமென்றால் சோதனைச் சான்றும் சேஃப்டி வால்வும் உள்ளதை வாங்குங்கள்.

ரெடிமேடாக வாங்குபவர்கள் உங்கள் துருப்பிடித்த பாகம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். உங்களிடம் உள்ள அதே எச்.பி. கம்ப்ரசரில் இணைத்து, 15 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அந்த 15 நிமிடமும் பாகத்தைப் பார்க்காமல் கேஜ் முள்ளையும் கதவு இடுக்கையும் பார்த்துக்கொண்டிருங்கள்.