டிரைவரிலிருந்து ஹார்ட்வேர் மெமரிக்கு டேட்டா நகலெடுப்பது எப்படி?

நான் சொதப்பிய இடத்திலிருந்தே தொடங்குகிறேன். லினக்ஸ் டிரைவர் ஒன்றில், கார்டில் இருக்கும் மெமரிக்கு அதற்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டியிருந்தது. பாயின்டர் கையில் இருக்கிறதே என்று மெமரியில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் சாதாரண மெம்காப்பி ஃபங்ஷனைக் கூப்பிட்டேன். எக்ஸ்86 கணினியில் ஒரு சிக்கலும் இல்லை. அதே கோடை 64 பிட் ஆர்ம் போர்டில் ஏற்றியதும் அலைன்மென்ட் ஃபால்ட் என்று லினக்ஸின் மையமான கர்னல் விழுந்துவிட்டது.

காரணம் எளிது. மெம்காப்பி, எதிரே இருப்பது சாதாரண ராம் என்று நம்பி எழுதப்பட்டது. வேகத்துக்காக அலைன் ஆகாத (எழுதும் அளவின் மடங்காக இல்லாத) முகவரியில் 8 அல்லது 16 பைட்டாக எழுதும். கடைசித் துண்டில் ஏற்கெனவே எழுதிய பைட்டுகள் மேலேயே மறுபடி எழுதவும் செய்யும். ராமுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. ஆனால் ஆர்மில் டிவைஸ் மெமரியாக மேப் செய்த இடத்தில் அலைன் ஆகாத அணுகல் ஃபால்ட்தான். ஒரே மதிப்பால் நிரப்பும் மெம்செட்டுக்கும் இதே கதை.

சரி, முறையாகச் செய்வோம்.

படி 1: மேப் செய்யுங்கள்

டேட்டாஷீட்டில் இருக்கும் பௌதிக முகவரியை நேராகத் தொட முடியாது. ஐஓரீமேப் கொண்டு கர்னல் முகவரியாக மாற்ற வேண்டும். டெவ்எம் என்று தொடங்கும் வகையைப் பயன்படுத்தினால், டிரைவர் விலகும்போது மேப்பிங்கும் தானாக நீங்கிவிடும். திரும்பி வந்தது பிழையா என்று பார்க்க மறக்காதீர்கள்.

கிடைக்கும் பாயின்டரில், இது சாதாரண ராம் அல்ல என்று சொல்லும் ஐஓமெம் என்ற அடையாளம் இருக்கும். எச்சரிக்கை வருகிறதே என்று காஸ்ட் போட்டு (பாயின்டரின் வகையை மாற்றி) அதை அழிக்காதீர்கள். நான் அதைத்தான் செய்திருந்தேன். மேக் கட்டளையோடு சி=1 சேர்த்தால் ஸ்பார்ஸ் என்ற கருவி ஓடி, இந்தப் பாயின்டரைத் தவறான இடத்தில் கொடுத்திருந்தால் காட்டிக்கொடுக்கும்.

படி 2: அளவைச் சரிபாருங்கள்

டேட்டா பயனர் நிரலிலிருந்து வந்தால், முதலில் காப்பி ஃப்ரம் யூசர் மூலம் கர்னல் பஃபருக்குக் கொண்டுவாருங்கள். ஆஃப்செட்டையும் நீளத்தையும் கூட்டி மொத்த அளவோடு ஒப்பிட்டால், பெரிய எண்கள் வரும்போது கூட்டல் வழிந்து சிறிய எண்ணாகிவிடலாம். அதனால் ஆஃப்செட் மொத்த அளவைத் தாண்டவில்லை என்று முதலில் பார்த்துவிட்டு, மொத்தத்திலிருந்து ஆஃப்செட்டைக் கழித்து, மீதியோடு நீளத்தை ஒப்பிடுங்கள்.

படி 3: நகலெடுங்கள்

இங்கேதான் மெம்காப்பி டு ஐஓ வருகிறது. முதலில் சேரும் இடம், அடுத்து மூலம், மூன்றாவது பைட் எண்ணிக்கை. எதிர்த்திசைக்கு மெம்காப்பி ஃப்ரம் ஐஓ, நிரப்புவதற்கு மெம்செட் ஐஓ.

ஒவ்வொரு முறை எழுதும்போதும் எத்தனை பைட் அகலத்தில் போகும் என்ற உத்தரவாதம் மட்டும் இதில் கிடையாது. 32 பிட்டாக மட்டுமே எழுத வேண்டும் என்று டேட்டாஷீட் சொன்னால் ஐஓரைட்32 காப்பி இருக்கிறது. அதன் எண்ணிக்கை பைட்டில் அல்ல, 32 பிட் சொற்களில். பைட் எண்ணிக்கையைக் கொடுத்தால் நான்கு மடங்கு எழுதித் தள்ளிவிடும்!

சேருமிடம், வந்த வரிசையிலேயே டேட்டாவை எடுத்துக்கொள்ளும் ஃபைஃபோ ரெஜிஸ்டர் என்றால் இவை இரண்டுமே ஆகாது. இவை முகவரியை நகர்த்திக்கொண்டே போகும், ஃபைஃபோவுக்கோ ஒரே முகவரியில் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். அதற்கு ஐஓரைட்32 ரெப்.

படி 4: மணி அடியுங்கள்

டேட்டா தயார் என்று சாதனத்துக்குச் சொல்லும் ரெஜிஸ்டரை டோர்பெல் என்பார்கள். ரைட்எல் மூலம் அதில் எழுதுவோம். மெமரியை, பலமுறை எழுதுவதைச் சேர்த்து ஒன்றாக அனுப்பும் ரைட் கம்பைனிங் முறையில் மேப் செய்திருந்தால், எழுதியவை சிபியுவின் பஃபரிலேயே தங்கியிருக்கும்போது மணி முந்திக்கொண்டு போய்விடலாம். நடுவில் டபிள்யூஎம்பி என்ற தடுப்பைப் போடுங்கள்.

பிசிஐ கார்டுகளில் இன்னொன்று: ரைட்எல் முடிந்துவிட்டது என்றால் எழுதியது கார்டைப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, வழியில் காத்திருக்கலாம். சேர்ந்தே ஆக வேண்டும் என்றால், படித்தாலும் பாதிப்பில்லாத ஒரு ரெஜிஸ்டரை அதே சாதனத்திலிருந்து ரீட்எல் மூலம் படியுங்கள். முன்னால் போனவை சேர்ந்த பிறகுதான் பதில் வரும்.

படி 5: சோதியுங்கள்

அந்த மெமரியைப் படிக்கவும் முடியும் என்றால், எழுதியதைத் திரும்ப எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நீளத்தை 1, 3, 7, 13 என்று ஒற்றைப்படையிலும் கொடுங்கள். என் பிழை அப்படித்தான் சிக்கியது. பிசிஐயில் வருவதெல்லாம் எஃப்எஃப் பைட்டாகவே இருந்தால் நகலெடுக்கும் கோடைத் துருவாதீர்கள். பெரும்பாலும் கார்டே பதில் சொல்லவில்லை.