கட்டியை முதலில் தொடுபவர் யார்? புற்றுநோய்க்கு டாக்டர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய்ப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களின் ஃபைலைப் புரட்டினால், ஊரும் பெயரும் மாறுகின்றனவே தவிர நடந்த தவறு மாறுவதில்லை. நாட்டு மருந்தை நம்பி மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள், கட்டியைக் கண்டு பயந்து மறைக்காதீர்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லியாகிவிட்டது. அதை இங்கே விட்டுவிடலாம். படித்த, அக்கறையுள்ள, கையில் காசுள்ள குடும்பங்களும் சறுக்குகிற இடம் வேறு. எந்த வேலைக்கு எந்தப் படிப்புப் படித்தவர் வேண்டும் என்று தெரியாமல், பழக்கமான டாக்டரிடம் வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள்.

'கேன்சர் ஸ்பெஷலிஸ்ட்' என்ற பலகையோடு திருப்தி அடைவது

புற்றுநோய்க்கு ஒரே டாக்டர் கிடையாது. கத்தி வைப்பவர், மருந்து ஏற்றுபவர், கதிர்வீச்சு தருபவர் (நம் ஊர்ப் பேச்சில் 'கரண்ட் வைப்பவர்') என மூவரும் மூன்று வழியாக வந்தவர்கள்.

புற்றுநோய் அறுவை மருத்துவர் எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.எஸ். மூன்று ஆண்டு, அதன்மேல் எம்.சிஎச். சர்ஜிக்கல் ஆன்காலஜி மூன்று ஆண்டு படித்தவர். அந்த எம்.எஸ். பொது அறுவையாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை, எலும்பு, மகப்பேறு ஆகிய துறைகளிலிருந்தும் இந்த எம்.சிஎச்.க்கு வரலாம். அடிப்படை எம்.எஸ். எதில் என்று கேட்டால், அவர் கை எந்த உறுப்பில் ஊறியது என்பது ஓரளவு தெரிந்துவிடும். பெண்களின் கருப்பை, சினைப்பை புற்றுநோய்க்கென்றே தனி எம்.சிஎச். உண்டு.

கீமோ, இம்யூனோதெரபி தருபவர் டி.எம். மெடிக்கல் ஆன்காலஜி. பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ கதிர்வீச்சு மருத்துவத்திலோ எம்.டி. முடித்துவிட்டு இதற்கு வந்திருப்பார். லுகீமியா, மைலோமா போன்ற ரத்தப் புற்றுநோய்களையும் எலும்பு மஜ்ஜை மாற்றத்தையும் பல மருத்துவமனைகளில் டி.எம். கிளினிக்கல் ஹீமட்டாலஜி படித்தவர்கள் பார்க்கிறார்கள். கதிர்வீச்சு மருத்துவருக்கு எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு எம்.டி. மூன்று ஆண்டுதான், அதற்கு மேல் டி.எம். இல்லையே என்று அவரைக் குறைத்து எடைபோட வேண்டாம், அந்தத் துறையின் அமைப்பே அப்படி. கதிர்வீச்சோடு சேர்த்து வாரம் ஒருமுறை தரும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை அவரே தருவதும் முறையான வழக்கம்தான்.

டி.என்.பி., டிஆர்.என்.பி. என்று பெயருக்குப் பின்னால் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேசியத் தேர்வு வாரியம் தரும் அந்தப் பட்டங்கள் எம்.டி., டி.எம். பட்டங்களுக்கு நிகரானவை.

கவனமாகப் பார்க்க வேண்டியது 'ஃபெல்லோஷிப்' என்ற சொல்லை. இரண்டு ஆண்டு முழுநேரப் பயிற்சிக்கும் இதே பெயர், சில வாரம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்ததற்கும் இதே பெயர். எங்கே, எத்தனை மாதம், முழுநேரமா என்று கேளுங்கள். வெளிநாட்டுச் சங்கங்களின் உறுப்பினர் என்று நாலு வரி போட்டிருந்தால், பல சங்கங்களில் அது சந்தா கட்டினால் கிடைப்பது. மருந்துச் சீட்டில் மாநில மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை; வீடு வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிற குடும்பமே இதைப் பார்ப்பதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. மூத்த தலைமுறையிடம் இந்தப் பட்டங்களைத் தேடக் கூடாது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-ல் தொடங்கியபோது நாட்டில் இந்தப் படிப்புகளே இல்லை. அதைப் பல ஆண்டுகள் வழிநடத்திய டாக்டர் வி. சாந்தா எம்.டி. படித்தது மகப்பேறு மருத்துவத்தில். 1984-ல் அதே நிலையத்தில்தான் புற்றுநோய்க்கான டி.எம்., எம்.சிஎச். படிப்புகள் நாட்டிலேயே முதன்முதலாகத் தொடங்கின.

'சின்னக் கட்டிதானே, எடுத்துப் பார்த்துவிடலாம்'

இந்தக் கட்டுரைக்குக் காரணமே இந்த ஒரு வாக்கியம்தான். இத்தனை ஆண்டாகியும் இது குறையவில்லை.

நடப்பது இப்படித்தான். தொடையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி, வலி இல்லை. குடும்பத்தில் குடலிறக்கத்துக்கும் அப்பெண்டிக்ஸுக்கும் ஆபரேஷன் செய்த, ஊரில் நல்ல பெயருள்ள சர்ஜனிடம் காட்டுகிறார்கள். கொழுப்புக் கட்டி மாதிரி இருக்கிறது என்கிறார். எம்.ஆர்.ஐ. இல்லை, ஊசி டெஸ்ட் இல்லை. தழும்பு தெரியாமலிருக்கத் தொடையின் குறுக்கே வெட்டு. வழவழவென்று ஓர் உறைக்குள் இருந்த கட்டி விரலால் நோண்டியதும் துண்டு துண்டாக வந்துவிடுகிறது. ரத்தம் வடிய ஒரு டிரெயின் குழாய், வெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. மறுநாள் டிஸ்சார்ஜ். தையல் பிரிக்கப் போகும்போது ரிப்போர்ட் வருகிறது: சார்கோமா, அதாவது தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் புற்று.

இதில் எது எப்படிக் கெட்டது என்று பார்ப்போம். சார்கோமாவைச் சுற்றியிருக்கும் அந்த வழவழப்பான உறை உண்மையான உறை அல்ல. நெருக்கப்பட்ட திசுதான் அது; அதற்கு வெளியிலும் புற்றுச் செல்கள் இருக்கும். நோண்டி எடுத்தால் அவை அங்கேயே தங்கும். கட்டி இருந்த குழியில் தேங்கும் ரத்தம், தசைகளின் இடுக்கு வழியாகச் செல்களைக் கொண்டுபோகும். டிரெயின் வெளியே வந்த வழியும் சந்தேகத்துக்குரிய இடமாகிவிடும். அடுத்த ஆபரேஷனில் பழைய தழும்பு, டிரெயின் ஓட்டை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பாளமாக எடுத்தாக வேண்டும். வெட்டு காலின் நீளவாக்கில் இருந்திருந்தால் தோலை இழுத்துத் தைத்திருக்கலாம். குறுக்குவெட்டு என்பதால் வேறிடத்திலிருந்து தசையும் தோலும் எடுத்து மூட வேண்டி வரும், கதிர்வீச்சு படும் பரப்பும் கூடும். காலைக் காப்பாற்ற முடியாமல் போகும் சிலரின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. இனி எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் தழும்பு எது, மிச்சம் எது என்று பிரிப்பது கடினம். துண்டு துண்டாக எடுத்ததால் ஓரம் சுத்தமா என்று நோயியல் மருத்துவராலும் சொல்ல முடியாது.

கட்டி ஐந்து சென்டிமீட்டருக்கு மேல், அல்லது தசைக்குள் ஆழத்தில், அல்லது வளர்ந்துகொண்டே போகிறது, அல்லது எடுத்த இடத்திலேயே திரும்ப வந்திருக்கிறது: இதில் ஒன்று இருந்தாலும் வரிசை வேறு. முதலில் எம்.ஆர்.ஐ. பிறகு, கடைசியில் ஆபரேஷன் செய்யப்போகும் புற்றுநோய் சர்ஜனிடம் கேட்டு, அவர் வெட்டப்போகும் கோட்டின் மேலேயே தடித்த ஊசியால் சதை டெஸ்ட். பதினான்கு அல்லது பதினாறு கேஜ் ஊசி. ஊசி போன பாதையும் பின்னால் கட்டியோடு சேர்ந்து வெளியே வர வேண்டும் என்பதால்தான் அந்த இடத்துக்கு இவ்வளவு கணக்கு. ரிப்போர்ட் வந்த பிறகு மூன்று துறை டாக்டர்களும் உட்கார்ந்து பேசி, அப்புறம்தான் கத்தி.

மார்பகத்திலும் இதே கதை, சேதம் மட்டும் வேறு. ஊசியால் சதை எடுத்து, அதில் ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 என்ற புரதமும் உண்டா என்று பார்த்திருந்தால் கீமோ முதலிலா ஆபரேஷன் முதலிலா என்று முடிவு செய்யலாம். ஹெர்2 வகையிலும், இந்த மூன்றும் இல்லாத டிரிபிள் நெகட்டிவ் வகையிலும் கட்டி இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் கீமோதான் முதலில். மருந்துக்குக் கட்டி கரைகிறதா என்று கண்ணால் பார்க்கும் வாய்ப்பு அது. பின்னால் எந்த மருந்தைத் தொடர்வது என்பதும் அதை வைத்தே முடிவாகும். கட்டியை எடுத்துவிட்டால் அந்த அளவுகோல் போயிற்று. இன்னொரு கொடுமை, எடுத்த சதையைச் சலைன் தண்ணீரில் போட்டு, அல்லது சின்ன டப்பாவில் திணித்து அனுப்புவது. பத்து சதவீத ஃபார்மலின், சதையின் அளவைப் போல் பத்து மடங்கு வேண்டும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அதில் விழ வேண்டும், ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும். இது தவறினால் ஹெர்2 ரிப்போர்ட்டையே நம்ப முடியாது.

கர்ப்பப்பையில் நடப்பது எல்லாவற்றையும்விட வருத்தமானது. ரத்தப்போக்கு என்று வந்த பெண்ணுக்கு, கருப்பை வாயைக் கருவி வைத்துப் பார்க்காமல், சதை டெஸ்ட் எடுக்காமல், 'கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்' என்று எடுத்துவிடுகிறார்கள். பிறகு கருப்பை வாய்ப் புற்று என்று ரிப்போர்ட். சாதாரண முறையில் கர்ப்பப்பையை எடுத்தால் பக்கத் திசுவும் நிணநீர் முடிச்சுகளும் உள்ளேயே இருக்கும். முற்றிய கருப்பை வாய்ப் புற்றைக் குணப்படுத்துவதில் பெரும்பங்கு உள்கதிர்வீச்சுக்கு. கர்ப்பப்பைக்குள் ஒரு குழாயைச் செலுத்தி, கட்டிக்கு வெகு அருகிலிருந்து தருவது. கர்ப்பப்பையே இல்லையென்றால் அந்தக் குழாயை எங்கே வைப்பது? காலியான இடத்தில் சிறுகுடல் சரிந்து இறங்குவதால் வெளிக்கதிர்வீச்சு அதன்மேலும் படும். மாதவிலக்கு நின்ற பிறகோ உடலுறவுக்குப் பிறகோ ரத்தம் பட்டால் சதை டெஸ்ட் இல்லாமல் ஆபரேஷன் தேதி வாங்காதீர்கள்.

சினைப்பைக் கட்டி ஆபரேஷனில் உடைந்தால், புற்றாக இருக்கும்பட்சத்தில், நோயின் முதல் நிலையில் 'ஏ' என்று இருந்திருக்க வேண்டியது 'சி' ஆகிவிடும். விதைக் கட்டியை அரையிடுக்கு வழியாகத்தான் எடுக்க வேண்டும், விதைப்பையை வெட்டக் கூடாது. அதற்கு முன் ஏஎஃப்பி, பீட்டா ஹெச்சிஜி, எல்டிஹெச் ரத்தப் பரிசோதனைகள் எடுத்திருக்க வேண்டும்.

பொது அறுவை மருத்துவர்களின் திறமையைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல சர்ஜன் இப்படிப்பட்ட கட்டியைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஒருவேளை இது கேன்சராக இருந்தால், நீங்க செய்யப்போற இதே ஆபரேஷன் போதுமா டாக்டர், இல்ல திரும்பச் செய்யணுமா?" திரும்பச் செய்ய வேண்டும் என்று பதில் வந்தால் முதல் ஆபரேஷனையே தள்ளிப்போடுங்கள்.

ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதா? டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, ஆபரேஷன் நோட்ஸின் நகல் வாங்குங்கள். ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஸ்கேன் இருந்தால் அதன் சி.டி.யும், எடுத்த சதையை மெழுகில் பதித்துவைத்திருக்கும் பிளாக்கும், கண்ணாடி ஸ்லைடுகளும் வேண்டும். சில வாரங்களுக்குள் புற்றுநோய் மையத்துக்குப் போய்விட்டால் மறு ஆபரேஷனால் பலருக்குச் சரிசெய்ய முடிகிறது.

ஸ்கேன் டாக்டரிடம் கரண்ட் பற்றிக் கேட்பது

ஸ்கேனைப் படித்து ரிப்போர்ட் எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட். சிகிச்சை தருபவர் ரேடியேஷன் ஆன்காலஜிஸ்ட். வேறு படிப்பு, வேறு ஆள்.

கரண்ட் வைக்கும் இடத்தில் டாக்டரை மட்டும் விசாரிப்பது

அங்கே நீங்கள் பெயர்கூடக் கேட்காத ஒருவர் இருக்கிறார்: மருத்துவ இயற்பியலாளர். டாக்டர் அல்ல; இயற்பியல் எம்.எஸ்ஸி.க்குப் பிறகு கதிர்வீச்சு இயற்பியலில் டிப்ளமோ, அல்லது நேரடியாக மருத்துவ இயற்பியலில் எம்.எஸ்ஸி., அதோடு கதிர்வீச்சுத் துறையில் பயிற்சி. அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு உண்டு. கட்டியின் எல்லையை ஸ்கேனில் வரைபவர் டாக்டர். அந்த எல்லைக்குள் இத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு), பக்கத்திலிருக்கும் தண்டுவடத்தில் இதற்குமேல் படக்கூடாது என்று திட்டம் போட்டு, இயந்திரம் அதைத்தான் தருகிறதா என்று அளந்து பார்ப்பவர் இவர். இயந்திரத்தின் வெளியீட்டைத் தினமும் காலையில் சரிபார்க்க வேண்டும், கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரின் அளவை மாற்றித் தரும் ஐ.எம்.ஆர்.டி. முறை என்றால் ஒவ்வொரு நோயாளியின் திட்டத்தையும் தனியாக அளந்து பார்ப்பது முறை. கதிர்வீச்சு இயந்திரம் உள்ள இடத்தில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்ற பாதுகாப்பு அலுவலரும் இருக்க வேண்டும். இயற்பியலாளர் முழுநேரமா, வாரம் இரண்டு நாள் வந்துபோகிறவரா என்று தாராளமாகக் கேட்கலாம்.

தினமும் உங்களைப் படுக்க வைப்பவர் டெக்னாலஜிஸ்ட். தலை, கழுத்துக்கு 33 அல்லது 35 நாள் சிகிச்சை என்றால், சாப்பிட முடியாமல் எடை குறைந்து, தலை அசையாமலிருக்கப் போடும், முதல் வாரம் இறுக்கமாக இருந்த முகமூடி நாலாவது வாரம் தொளதொளவென்று ஆகும். 'இப்போ வசதியா இருக்கு' என்று சந்தோஷப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். உடனே அவரிடம் சொல்லுங்கள். புது ஸ்கேன், புது திட்டம் தேவைப்படலாம். உடம்பில் போட்ட மை அடையாளத்தைச் சோப்பு போட்டுத் தேய்க்காதீர்கள், அழிந்தால் நீங்களாகப் பேனாவால் வரையவும் செய்யாதீர்கள்.

ரிப்போர்ட் எழுதியவரை மறப்பது

நோயாளி ஒருமுறைகூடச் சந்திக்காத டாக்டர் நோயியல் மருத்துவர். மொத்தச் சிகிச்சையும் அவர் எழுதும் ஒரு பக்கத்தின்மேல் நிற்கிறது. இரண்டாம் கருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துப்போனால் புது டாக்டர் அதே தாளைத்தான் படிப்பார். பிளாக்கைக் கொண்டுபோனால் புற்றுநோயையே பார்க்கும் நோயியல் மருத்துவர் புதிதாகச் சீவிப் பார்ப்பார். நிணநீர்ப் புற்றான லிம்ஃபோமாவிலும் சார்கோமாவிலும் வகையே மாறிப்போவது உண்டு. பிளாக்கை ஏசி இல்லாத காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைக்காதீர்கள். மெழுகு.

குழந்தையைப் பெரியவர்களின் டாக்டரிடம் காட்டுவது

வேண்டாம். குழந்தைப் புற்றுநோய்க்குத் தனி டாக்டர்கள் உண்டு, மருந்தின் அளவும் திட்டமும் வேறு.

வலி டாக்டரைக் கடைசி வாரத்தில் தேடுவது

வலி தொடங்கிய அன்றே தேடுங்கள். வாய்வழி மார்ஃபின் அங்கீகாரம் பெற்ற இடங்களில்தான் கிடைக்கும், எல்லா நர்சிங் ஹோமிலும் இருக்காது.

'கீமோவை நம்ம ஊர் கிளினிக்கிலேயே ஏத்திக்கலாம்'

ஏற்றுவது நர்ஸ், அவருடைய பயிற்சியைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். 'சிவப்பு மருந்து' என்று எல்லோரும் சொல்லும் டாக்ஸோரூபிசின் நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதை அழுகும். கசிந்தால் உடனே நிறுத்த வேண்டும். சலைன் ஓட்டிக் கழுவக் கூடாது, ஊசியைப் பிடுங்கவும் கூடாது. அதே ஊசி வழியாக எவ்வளவு வருகிறதோ உறிஞ்சி எடுத்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும். டாக்ஸோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்துக்குச் சூடு. இது தெரியாதவர் கையில் அந்தப் பாட்டில் இருக்கக் கூடாது. ஏற்றும்போது எரிகிறது என்று சொன்னால், மருந்தை நிறுத்தாமல் 'கொஞ்சம் பொறுத்துக்கோங்க' என்கிற இடத்துக்கு அடுத்த சைக்கிளுக்குப் போகாதீர்கள்.