ரோட்ஸ் தீவுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரீஸின் ரோட்ஸ் தீவில் ஒரு விடுமுறை நன்றாக அமையுமா, சொதப்புமா என்பது பெரும்பாலும் ஹோட்டல் பதிவு செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. நீச்சல்குளத்துப் படம், நட்சத்திரம், விலை எல்லாம் பார்க்கிறார்கள். அந்த ஹோட்டல் தீவின் எந்தக் கரையில் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை.

ரோட்ஸ் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள தீவு. மேற்குக் கரையில் இக்ஸியா, இயாலிசோஸ் பக்கமெல்லாம் கூழாங்கல் கடற்கரை. ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்ற வடமேற்குக் காற்று அங்கேதான் வந்து மோதும். விண்ட்சர்ஃபிங் செய்கிறவர்களுக்கு அது கொண்டாட்டம். சின்னப் பிள்ளைகளைக் கடலில் இறக்க நினைப்பவர்களுக்குத் திண்டாட்டம். விமான நிலையம் இருப்பதும் அந்தப் பக்கமே. கிழக்கே ஃபாலிராகி, கொலிம்பியா, லிண்டோஸ், பெஃப்கோஸ் வரிசையில் மணல் அதிகம், அலையும் குறைவு. குடும்பத்தோடு போனால் கிழக்குதான் சரி. ஆனால் ஃபாலிராகியில் பார் தெருவை ஒட்டி அறை எடுத்தால் விடிய விடிய பாட்டுச் சத்தம் கேட்கும். தூக்கம் வேண்டுமென்றால் கொலிம்பியாவைப் பாருங்கள்.

இணையத்தில் காட்டும் வாடகையோடு கணக்கை முடிப்பது இன்னொரு தவறு. கிரீஸில் தங்குமிடங்களுக்குக் காலநிலைக் கட்டணம் என்று ஒன்று உண்டு. 2025 நிலவரப்படி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு, மூன்று நட்சத்திர ஹோட்டலில் 5 யூரோ, நான்கில் 10, ஐந்தில் 15. பெரும்பாலும் இதை ஹோட்டல் வரவேற்பறையில்தான் வாங்குவார்கள். நான்கு நட்சத்திரத்தில் ஒரு வாரம் தங்கினால் 70 யூரோ.

அப்புறம் ஆல் இன்க்ளூசிவ். கையில் பட்டை கட்டிவிட்டார்கள், மூன்று வேளையும் உள்ளேயே சாப்பாடு. கைக்குழந்தை இருந்தால் சௌகரியம்தான், மறுக்கவில்லை. மற்றவர்கள் "காசு கொடுத்தாச்சே" என்று மதியமும் ராத்திரியும் ஹோட்டலுக்கே ஓடிவருவார்கள். தீவின் சாப்பாடு எப்படி இருக்கும் என்று தெரியாமலே ஊர் திரும்புவார்கள். காலை உணவு மட்டும் சேர்த்துப் பதிவு செய்தால் போதும்.

சைவக்காரர்கள் இதில் கூடுதலாக ஏமாறுகிறார்கள். கிரீஸ் என்றால் ஆட்டுக்கறியும் மீனும்தான் என்று பயந்து, பெட்டி நிறைய நூடுல்ஸ் கொண்டுபோவார்கள். உண்மையில் டாவெர்னா எனப்படும் சிறு உணவகங்களில் சைவத்துக்குப் பஞ்சமே இல்லை. ரோட்ஸின் சொந்தப் பண்டம் பிதாரூதியா: கொண்டைக்கடலை, வெங்காயம், தக்காளி, புதினா சேர்த்துத் தட்டிப் பொரித்தது. நம் மசால் வடைக்குத் தூரத்துச் சொந்தம். தக்காளிக்குள்ளும் குடைமிளகாய்க்குள்ளும் சோற்றை அடைத்துச் சுட்ட கெமிஸ்தா, பெரிய வெள்ளை மொச்சை போன்ற ஜிகாந்தெஸ், எலுமிச்சை பிழிந்த ஹோர்தா கீரை எல்லாம் உண்டு. கெமிஸ்தாவில் சில இடங்களில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு ஆர்டர் சொல்லுங்கள். "நிஸ்தீசிமோ" என்று கேட்டால் கிறிஸ்தவ நோன்புக்கால உணவு வரும். இறைச்சி, பால், முட்டை இருக்காது, ஆனால் இறாலும் கணவாயும் இருக்கலாம், உஷார்.

மீன் சாப்பிடுகிறவர்கள் விலைப்பட்டியலைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நல்ல மீனுக்குப் போட்டிருப்பது பெரும்பாலும் கிலோ விலை. தட்டு விலை என்று நினைத்து ஆர்டர் சொல்லிவிட்டு, பில் வந்ததும் தகராறு செய்து பயனில்லை. சமைக்கும் முன்பே எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக்குறி இருந்தால் பெரும்பாலும் உறைய வைத்த மீன். பட்டியலின் அடியில் விளக்கம் இருக்கும். ரோட்ஸ் நகரத்தின் பழைய பகுதியில், சோக்ராதூஸ் தெருவில் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைக்கும் கடைகளைக் கடந்து, இரண்டு சந்து தள்ளிப் போங்கள். ரசீது தராவிட்டால் பணம் தரத் தேவையில்லை என்று மெனுவிலேயே அச்சிட்டிருப்பார்கள், அது சட்டம்.

சுற்றிப் பார்ப்பதில் எல்லோரும் சறுக்குவது லிண்டோஸில். ரோட்ஸ் நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். சாவகாசமாகக் கிளம்பி, உச்சி வெயிலில் 116 மீட்டர் உயரப் பாறைமேல் உள்ள அக்ரோபோலிஸ் என்ற பழங்காலக் கோட்டைக்கு ஏறுவார்கள். மேலே நிழல் அரிது, சலவைக்கல் படி வழுக்கும், டூர் பேருந்துக் கூட்டமும் அதே நேரத்தில் வந்து சேரும். கோட்டை திறக்கும்போதே வாசலில் இருக்க வேண்டும். ஏற முடியாதென்று கழுதை சவாரி எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. 100 கிலோவுக்கோ கழுதை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கோ மேல் ஏற்றக்கூடாதென்று 2018-இல் கிரீஸ் அரசு விதி போட வேண்டி வந்ததென்றால், அவற்றின் பாடு எப்படியென்று ஊகிக்கலாம்.

பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்கில் கை தட்டி, அவற்றைப் பறக்கவிட்டுப் படம் எடுக்கிறார்கள். அங்கே கூடுபவை உண்மையில் விட்டில்கள். கோடை முழுக்க அசையாமல் இருந்து, சேர்த்துவைத்த சக்தியில் பிழைப்பவை. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்தச் சக்தி வீணாகி இனப்பெருக்கம் பாதிக்கிறது. மந்த்ராகி துறைமுகத்தில், பண்டைய உலக அதிசயங்களில் ஒன்றான கொலோசஸ் சிலையைத் தேடுவதும் வீண், அது கி.மு. 226 வாக்கில் நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது. இப்போது நிற்பவை இரண்டு மான் சிலைகள்.

படகில் ஒருநாள் போவதென்றால் சிமி தீவுக்குப் போங்கள். துருக்கியின் மர்மாரிஸ் ஒரு மணி நேரப் பயணம்தானே என்று டிக்கெட் எடுக்கும் முன், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஷெங்கன் விசாவை (கிரீஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா, துருக்கி அதில் சேராது) ஒருமுறை பார்த்துவிடுங்கள். எத்தனை நுழைவு என்ற இடத்தில் 'மல்ட்' (MULT, பலமுறை) என்றில்லாமல் '01' (ஒரே முறை) என்றிருந்தால், மர்மாரிஸுக்குப் படகு ஏறியதோடு அந்த விசாவின் கதை முடிந்தது. துருக்கி விசா தனியாகக் கையில் இருந்தாலும், சாயங்காலம் திரும்பி வர வழியில்லை. பெட்டிகள் ரோட்ஸ் ஹோட்டல் அறையில் கிடக்கும்.