ஈறில் ரத்தமா? வைட்டமின் டி மாத்திரையை மட்டும் நம்பாதீர்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒருவருக்கு வைட்டமின் டி குறைவு என்று ரிப்போர்ட் வந்தால் முதலில் சிரிப்புதான் வரும். "அடிக்கிற வெயிலுக்கு இது வேறயா?" என்பார்கள். வெயில் ஊருக்கு அடிக்கிறது, சரி. ஆள்மேல் படுகிறதா? விடியும் முன்னே ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஏறி, பகலெல்லாம் கூரைக்குள் நின்று, இருட்டியபின் இறங்குகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாலும் கணக்கில் சேராது. தோலில் வைட்டமின் டி உருவாக்கும் புற ஊதா பி கதிரைக் கண்ணாடி நிறுத்திவிடும். காலை இளவெயிலிலும் அந்தக் கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் வேலைக்கு ஆகும். அதற்காகச் சித்திரை உச்சி வெயிலில் மணிக்கணக்கில் நிற்கச் சொல்லவில்லை.

ஈறுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. கிருமிகளைக் கொல்லும் கேத்தலிசிடின் என்ற பொருளை நம் செல்கள் சுரக்க வைட்டமின் டி தூண்டுகிறது, வீக்கத்தையும் மட்டுப்படுத்துகிறது. பல்லைத் தாங்கும் தாடை எலும்புக்குக் கால்சியம் போய்ச் சேரவும் அது வேண்டும். அமெரிக்க தேசிய உடல்நலக் கணக்கெடுப்பை வைத்து 2004, 2005-இல் வந்த ஆய்வுகளில், ரத்தத்தில் இந்த வைட்டமின் குறைந்தவர்களுக்கு ஈறு நோய் கூடுதலாக இருந்தது தெரிந்தது. ஆனால் இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. மாத்திரை கொடுத்துப் பார்த்த சோதனைகளில் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. பலன் தெரிந்த இடத்திலும் பெரும்பாலும் சிறிதுதான்.

மாத்திரை போட்டால் ஈறு சரியாகிவிடும் என்று இருந்துவிடுவதுதான் பெரிய தவறு. ஈறு நோயின் வேர் பல்லடியில் ஒட்டும் கிருமிப் படலமும், அது இறுகி உண்டாகும் காரையும். கீழ் முன்பற்களின் உள்பக்கம் நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று தட்டுப்பட்டால் பெரும்பாலும் அதுதான். எச்சில் சுரப்பி அங்கே திறப்பதால் முதலில் அங்கே படியும். உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளையைப் போல இறுகிப்போன பொருள் அது. பிரஷ்ஷுக்கு அசையாது, எந்த மாத்திரைக்கும் கரையாது. பல் மருத்துவர் கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அப்படிச் சொன்னால், "கிளீன் பண்ணினா பல் ஆடும்" என்று பதில் வரும். எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லைக் காரை கட்டிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். கொஞ்ச நாள் பல் கூசும், அப்புறம் அடங்கிவிடும். இந்த பயத்தில் தள்ளிப்போட்டுப் பல்லை இழப்பவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

நம் பக்கத்துக்கே உரிய குழப்பம் இன்னொன்று. ஃபுளோரைடு மிகுந்த போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அந்தக் கறை பல்லின் எனாமலுக்குள் இருப்பது, ஈறு நோய் இல்லை. சாம்பல், செங்கல்பொடி போட்டுத் தேய்த்தால் கறை போகாது, ஈறுதான் தேயும்.

ராகிக் களி சாப்பிடுகிறோமே, எலும்புக்கு என்ன குறை என்பதும் பாதிதான் சரி. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. வைட்டமின் டி குறைந்த உடல் அதில் சிறு பங்கைத்தான் உறிஞ்சும். களியில் வைட்டமின் டி கிடையாது.

ரத்தம் வருகிறதே என்று பல் தேய்ப்பதை நிறுத்தாதீர்கள், மெதுவாகத் தேயுங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு ரத்தமே வராமல் ஈறு உள்ளுக்குள் கெடலாம், ஏனென்றால் புகை ரத்த ஓட்டத்தைக் குறைத்து அறிகுறியை மறைக்கிறது. ஈறு அடிக்கடி வீங்குகிறவர் சர்க்கரையையும் பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாக, மெடிக்கல் கடையில் தானாகக் கேட்டு வாங்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரை. வழக்கமாக அது வாரத்துக்கு ஒன்று, அதுவும் மருத்துவர் சொன்ன வாரங்கள் வரைதான். தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தாகம், சிறுநீரகச் சிக்கல் என்று போகும். சிறுநீரகக் கல் இருந்தவர்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி என்ற ரத்தப் பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. கொஞ்சம் எண்ணெய் நெய் சேர்ந்த சாப்பாட்டோடு மாத்திரையைப் போட்டால் நன்றாக உறிஞ்சும். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். பல்லைக் காட்ட அந்த மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. மாத்திரை தொடங்கும் வாரத்திலேயே போகலாம்.