குழந்தைக்கு எபிரேயப் பேர் வைக்கப் போறீங்களா, லிஸ்ட்ட நம்பாதீங்க

என் தங்கச்சிக்கு ஏழாவது மாசம் நடக்கும்போதே பேர் தேட ஆரம்பிச்சுட்டோம், பைபிள் பேரா இருக்கணும், எபிரேயத்துல நல்ல அர்த்தம் இருக்கணும், ரெண்டே கண்டிஷன் தான், ஆனா நெட்ல கெடச்ச லிஸ்ட்ட வெச்சுக்கிட்டு நாங்க பட்ட பாடு இருக்கே. நோவான்னு ஒரு பேர், ஒரு லிஸ்ட்ல 'ஓய்வு'ன்னு இருக்கு, இன்னொண்ணுல 'அசைவு'ன்னு இருக்கு. எது சரின்னு பாத்தா ரெண்டுமே சரி, ஏன்னா அது ரெண்டு வேற பேர். பேழை கட்டினவரு பேரோட கடைசி எழுத்து தொண்டைய உரசிக்கிட்டு வரும், அதுக்கு தான் ஓய்வு. செலொப்பியாத்தோட அஞ்சு பொண்ணுங்கள்ல ஒருத்தி, நம்ம பைபிள்ல நோவாள்னு வருவாளே, அவ பேர்ல எழுத்தே வேற, அது அசைவு. இஸ்ரேல்ல பொம்பளப் பிள்ளைங்களுக்கு ரொம்ப அதிகமா வைக்கிற பேர் அது.

அதனால மொதல்ல எபிரேய எழுத்துல அந்தப் பேர் எப்படி இருக்குன்னு பாருங்க, இங்கிலீஷ் ஸ்பெல்லிங் எல்லாத்தையும் கொழப்பிடும்.

அடுத்து பேரப் பிரிச்சுப் பாருங்க, எபிரேயப் பேர் பாதி ஒரு முழு வாக்கியமாவே இருக்கும். நாத்தான்னா 'கொடுத்தார்', முன்னாடி 'யோ' சேர்த்தா யோனத்தான், 'கர்த்தர் கொடுத்தார்'. எலியாவையும் யோவேலையும் பாருங்க, 'ஏல்'னா தேவன், 'யோ' இல்லன்னா 'யா'ன்னா கர்த்தர், அதே ரெண்டு துண்டு தான், முன்ன பின்ன மாத்திப் போட்ருக்கு. மிகாவேல் ஒரு கேள்வி, 'தேவனுக்கு நிகர் யார்?'. ஆனா 'ஏல்'ல முடிஞ்சாலே தேவன்னு நெனச்சுறாதீங்க. ராகேல்னா பெண் ஆடு, யாகேல்னா மலை ஆடு. அதே மாதிரி தெபோராள் தேனீ, யோனா புறா, தாமார் பேரீச்ச மரம். எனக்கு இந்த மாதிரி பேருங்க தான் ரொம்பப் புடிக்கும்.

பைபிள்ல இருக்குறதெல்லாம் எபிரேயம்னும் இல்ல. மார்த்தாள், தோமா, தபீத்தாள் எல்லாம் அரமேயம். பிலிப்பு, அந்திரேயா கிரேக்கம். எஸ்தர் கூட பாரசீகப் பேர்னு தான் நெறைய பேர் சொல்றாங்க, அவங்க எபிரேயப் பேரு ஹதாசா, ஒரு வாசனைச் செடியோட பேர்.

அர்த்தம் ஓகே ஆனாலும் கதைய ஒரு தடவ படிச்சுருங்க. யாபேஸ் ஜெபம் ஃபேமஸ் ஆனதால நம்ம பக்கம் யாபேஸ்னு நெறைய பேர் வைக்கிறாங்க, ஆனா வேதனையோட பெத்தேன்னு சொல்லி அவங்க அம்மா வெச்ச பேர் அது. ராகேல் சாகுறப்போ புள்ளைக்கு பெனோனி, 'என் துக்கத்தின் மகன்'னு வெச்சா, யாக்கோபு உடனே பென்யமீன்னு மாத்திட்டாரு. எங்க வீட்ல நான் யாகேல்னு சொன்னேன், அழகான பேரு தானே, தங்கச்சி மாமியாரு டக்குனு "கூடார ஆணிய நெத்தியில அடிச்சுக் கொன்னாளே, அவ பேரா?"ன்னாங்க. அதோட அது போச்சு.

எதுல ஆரம்பிக்கிறதுன்னே தெரியலன்னா யூதர்கள் பண்றதப் பாருங்க. ஐரோப்பால இருந்து வந்த அஷ்கெனாசி குடும்பங்கள்ல உயிரோட இருக்குற சொந்தக்காரங்க பேர வைக்க மாட்டாங்க, இறந்தவங்க பேர தான் வைப்பாங்க, ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த செபார்டி குடும்பங்கள்ல உயிரோட இருக்குற தாத்தா பாட்டி பேரையே வைப்பாங்க, அது அவங்களுக்கு மரியாதை. பையனுக்கு எட்டாம் நாள் விருத்தசேதனத்துல பேர் சொல்லுவாங்க, பொண்ணுக்கு ஜெப ஆலயத்துல தோராங்கற அவங்க வேதத்த வாசிக்கிறப்போ. உடம்பு முடியாதவங்களுக்கு 'உயிர்'னு அர்த்தம் வர்ற ஹாயிம்ங்கற பேர கூட சேர்க்குற வழக்கமும் உண்டு.

முக்கியமான டெஸ்ட் ஒண்ணு இருக்கு, தமிழ்ல சத்தமா கூப்பிட்டுப் பாருங்க. இஸ்ரேல்ல இப்ப புழக்கத்துல இருக்குற அழகான சின்னப் பேருங்க பாதி இங்க மாட்டிக்கும். மோர்னா அங்க வெள்ளைப்போளம்ங்கற வாசனைப் பிசின், இங்க வெயிலுக்குக் குடிக்கிறது. நீர்னா உழுத நிலம். தாலியா, 'கர்த்தரின் பனி', எவ்ளோ அழகு, ஆனா ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது தாலியான்னு கூப்பிட்டா க்ளாஸே சிரிக்கும். ஹாயிம்மை இங்கிலீஷ்ல 'ச்' வர்ற மாதிரி எழுதுறாங்க, இங்க எல்லாரும் சாயிம்னு தான் படிப்பாங்க.

அவசரப்படாதீங்க, பேர் இல்லாமலே பிறப்பப் பதிஞ்சுக்கலாம், 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாம பேர சேர்த்துக்கலாம், ஆனா ஸ்பெல்லிங்க பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, வாயால சொன்னா பதிவு ஆபீஸ்ல அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி தான் எழுதுவாங்க.

எங்க பாப்பாவுக்கு கடைசில அபிகாயில். 'அவ்'னா அப்பா, 'கில்'னா சந்தோஷம், இதக் கேட்டதும் மாப்ள அதுக்கப்புறம் வேற பேரே பாக்க விடல. வீட்ல அபின்னு தான் கூப்பிடுறோம், பக்கத்து வீட்டு அக்கா இன்னும் அபிராமின்னே நெனச்சுட்டு இருக்காங்க.